ஒரே சட்டியில் ராத்திரிச் சமையல்

(கான்சாபுரம் மகளிர் கூட்டத்தில் பேசியது)



காட்டு வேலை முடிஞ்சு, குழுக் கூட்டமும் முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையும்போது இருட்டிவிடுகிறது. அப்புறம் குழம்பு ஒரு அடுப்பு, பொரியல் ஒரு அடுப்பு என்று நிற்க நமக்குத் தெம்பு ஏது? மத்தியானம் வடிச்ச சோறு இருந்தால் சட்டி ஒன்று போதும்.

உப்புக்கண்டம் 100 கிராமை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டு தண்ணி மாற்றி அலசுங்கள். லேசாகத் தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் வத்தலோடு வதக்கி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். கறி மெத்தென்று ஆன பிறகுதான் முருங்கைக்காய், கத்தரிக்காய், தக்காளி. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டால் காய் கரைஞ்சிரும், கறி வேகாது. உப்பா? ருசி பார்த்துட்டுப் போடுங்க. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்புக்கண்டம் வேண்டாம். காயோடு முட்டையை உடைத்து ஊற்றலாம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கறியில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். தக்காளி சேர்ந்தால் காயில் உள்ளதும் ஒட்டும். ஆனால் நாம் கடைசியில் வெறும் சட்டியைத்தானே வழிக்கிறோம்? இறக்கியதும் தட்டுகளை வரிசையாக வைத்து, நம்ம தட்டிலும் கறித்துண்டைப் போட்டுவிட்டு, அதுக்கப்புறம் எல்லாரையும் கூப்பிடுவோம். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், இரும்புச்சத்து ஒட்டாமல் போய்விடும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.