ஓலை படித்தார்கள், ஊரை எரித்தார்கள்!

தோழர்களே! கொள்ளைக்காரன் வருவான், கத்தியைக் காட்டுவான், பொருளைப் பறிப்பான். ஆனால், கத்தியை ஓங்குமுன் ஓலையை விரித்துப் படித்த கொள்ளைக்காரனைக் கேள்விப்பட்டதுண்டா?

1513! அமெரிக்க மண்ணிலே இறங்கிய ஸ்பானியப் படைக்கு வாளோடு ஓர் ஓலையும் தரப்பட்டது. பலாசியோஸ் ரூபியோஸ் என்னும் சட்ட வல்லுநர் தீட்டிய அறிவிப்பு அது. உங்கள் நாட்டைப் போப்பாண்டவர் எங்கள் அரசருக்கு வழங்கிவிட்டார், பணியுங்கள், மறுத்தால் போர், மனைவி மக்களுக்கு அடிமை வாழ்வு, விளையும் சாவுக்கெல்லாம் பழி உங்களுடையதே! இதுதான் அதன் சாரம்.

எம்மொழியிலே படித்தார்கள்? ஸ்பானிய மொழியிலே! கேட்டவர்களோ அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்கள். ஆளற்ற குடிசைகளுக்கு முன்னாலும் படித்தார்கள்! படித்ததற்குச் சான்றெழுத எழுத்தரும் உண்டு. பிறகு பாய்ந்தது வாள்.

லாஸ் காசாஸ் என்னும் பாதிரியார், சிரிப்பதா, அழுவதா என்று திகைத்தார். அவரும் முன்பு பழங்குடியினரின் உழைப்பை உறிஞ்சியவரே. 1514இல் மனம் மாறி, அவர்களை விடுத்தவர்.

ஓலைக்கு ஆதாரம், ஆறாம் அலெக்சாந்தர் 1493இல் விடுத்த ஆணை. அத்தகைய ஆணைகளைச் சான்று காட்டி வளர்ந்த ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ ஏற்கவில்லை என வாடிகன் அறிவித்தது 2023 மார்ச்சில். இடையே 530 ஆண்டுகள்!

வாள் கொன்றது உடலை. ஓலை கொன்றது எதை? கொன்றவனின் குற்ற உணர்வை!

ஆகவே தோழர்களே, சட்டம் என்று எவரேனும் தாளை நீட்டினால், தலையாட்டுமுன் கேளுங்கள்: எழுதியவர் யார்? எவர் மொழியில்? எவரைக் கேட்டு?