ஜன்னலோரம் ஒரு நாற்காலி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாங்கில் இருந்த காலத்தில் கணக்கு தொடங்கும் படிவத்திலும் பாஸ்புக்கிலும் ஆயிரக்கணக்கான போட்டோ ஒட்டியிருக்கிறேன். ஃப்ளாஷ் பட்டு வெளுத்துப்போன முகங்கள், நேரே முறைத்துக்கொண்டு. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அம்மா காலமான அன்றுதான் உறைத்தது. பீரோ முழுக்கத் தேடியும் அம்மா தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, பக்கத்தில் நின்ற சித்தியின் தோளை அழித்து மாட்டினோம். மாலைக்கு அடியில் அந்தத் தோளின் மிச்சம் இன்றைக்கும் தெரிகிறது.

வைகாசி கருட சேவை வந்தால் ஒன்பது கருடனையும் போனில் எடுக்கிறோம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை யார் எடுக்கிறார்கள்?

சினிமாவில் முகம் அழகாகத் தெரிய முதல் காரணம் கேமராவின் விலை இல்லை. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருகிறது, மறுபக்கம் நிழலை விட்டுவைக்கிறார்கள். 'நாயகன்' (1987) படத்துக்குத் தேசிய விருது வாங்கிய பி.சி. ஸ்ரீராமின் வேலையை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், புரியும்.

வீட்டில் செய்வது எப்படி? முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி நாற்காலி. வடக்கு ஜன்னல் உத்தமம், நேர் வெயில் அதிகம் வராது. கிழக்கு ஜன்னல்தான் என்றால் மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். உட்கார்ந்தவர் ஜன்னலை முழுதாகப் பார்க்காமல் பாதி திரும்பட்டும். நிழல் பக்கத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழும். ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால் அதை அழைக்கிறார்கள். நிழல் ரொம்பக் கறுத்தால் அந்தப் பக்கம் இன்னொரு வெள்ளை வேட்டியைப் பிடியுங்கள்.

வேட்டி என்றதும் சிரிக்காதீர்கள். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் கட்டினார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, வானத்து வெளிச்சத்தையே வரவழைத்தார்.

உச்சி வெயிலில் முற்றத்தில் நிறுத்தி மட்டும் எடுக்காதீர்கள். கண் குழி இருண்டுவிடும். 'காட்ஃபாதர்' (1972) படத்தில் கார்டன் வில்லிஸ் வேண்டுமென்றே அப்படிச் செய்தார். அது தாதாவுக்குப் பொருந்தும், நம் ஆச்சிக்கு வேண்டாம்.

போனை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும். ஆறடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மூக்குக் கண்ணாடி பளபளத்தால் தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

"சிரிங்க" என்று சொன்னால் பெரியவர்கள் விறைத்துப்போகிறார்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பூ தொடுக்கட்டும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவட்டும். பழைய கதை ஒன்றைக் கேளுங்கள். பதில் சொல்லி முடித்து மூச்சு விடும் நொடியில் எடுங்கள். என் அத்தைக்கு அப்படி நாற்பது படம் எடுத்தேன், மூன்று தேறியது. அதில் ஒன்றை அவளே பார்த்து, "இது எங்க அம்மா மாதிரில்லா இருக்கு" என்றாள்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சங்க அறையின் வடக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டிருப்பேன். வேட்டி இரண்டு என்னிடம் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். பட்டுச்சேலை வேண்டாம், தினம் கட்டுவதே போதும்.