காய்ச்சல் தணிந்த பின் செவியைக் கவனிப்போம்



ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை மந்தன் என்று நாமே கடிந்துகொண்டோம். அவனுக்குக் காது சரிவரக் கேளாது என்பதைப் பின்னரே அறிந்தோம். குற்றாலத்தில் தலை நனைத்ததால் வந்த கேடு என்றனர் வீட்டார். அருவி என்ன பாவம் செய்தது? குழந்தைப் பருவத்தில் கண்ட மூளை உறைக் காய்ச்சலே காரணம்.

அக்காய்ச்சல் நிமோகாக்கஸ் கிருமியால் வந்தாலும், வலிப்புக் கண்டாலும், மருத்துவம் தாமதமானாலும் செவிக்கு ஆபத்து மிகுதி. அழற்சி உட்செவிக்குப் பரவும். சிலருக்கு அங்கே எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு செவிக்கருவி பொருத்தும் அறுவையும் கடினமாகிவிடும். ஆகவே, வீடு திரும்பிய நான்கு வாரங்களுக்குள் செவிச் சோதனை தேவை. ஒருநாள் கூலி போனாலும் தென்காசி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தமிழகத்தில் 2011 முதல் ஹிப் தடுப்பூசியும், 2021 முதல் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் அரசால் இலவசமாகப் போடப்படுகின்றன.

அச்சிறுவனை முன்வரிசையில் அமர்த்தினோம். அதற்குள் ஐந்து வகுப்புகள் கடந்துவிட்டிருந்தன.