முளையிலே கிள்ளும் போர்



ஒரு நாடு அணுகுண்டு செய்ய முயல்கிறதென்று அதன் பகைநாடு ஐயுறுகிறது. குண்டு உருவாகும் வரை அது வாளாவிருக்கலாமா? அன்றி, முந்திக்கொண்டு தாக்கி ஆபத்தை முளையிலேயே கிள்ளிவிடலாமா? கிள்ளிவிடுவதே அறிவுடைமை என்று கேட்ட மாத்திரத்தில் தோன்றும். ஆயினும் சரித்திரத்தின் தீர்ப்பு அவ்வளவு எளியதன்று.

1981-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், இஸ்ரேலின் போர் விமானங்கள் ஈராக்கினுள் புகுந்து, பாக்தாத் நகருக்கருகே பிரான்சின் உதவியால் உருவாகிவந்த ஓசிராக் அணு உலையைத் தகர்த்தன. ஈராக்கிய வீரர் பதின்மரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் மாண்டனர்.

இஸ்ரேல் கூறிய நியாயத்தை நாம் அலட்சியம் செய்தல் தகாது. சதாம் உசேனின் ஈராக் அதனை ஒரு நாடாகவே ஏற்கவில்லை. பரப்பிற் சிறிய நாட்டுக்கு ஓர் அணுகுண்டே பேரழிவாகும். இயங்கும் உலையைத் தாக்கினால் கதிரியக்கம் பரவிப் பொதுமக்களை வாட்டும். ஆதலின் இயங்குமுன்னரே தாக்க நேர்ந்தது என்பது பிரதமர் பெகின் அரசின் வாதம்.

மறுபக்கத்தையும் காண்போம். ஆயுதத் தாக்குதல் நிகழுமாயின் தற்காத்துக்கொள்ளும் உரிமையை ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 51-ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. தாக்குதல் வாயிற்படியில் வந்து நிற்கும்போது முந்திக்கொள்ளலாம் என்பார் சட்ட அறிஞர் சிலர். ஓசிராக்கில் இருந்ததோ இயங்காத உலை, குண்டு அன்று. மேலும், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஈராக் சேர்ந்திருந்தது; இஸ்ரேல் சேரவில்லை. ஜூன் 19-இல் பாதுகாப்புச் சபை இத்தாக்குதலை ஒருமனதாகக் கண்டித்தது. அமெரிக்காவும் அவ்வாறே வாக்களித்தது.

விளைந்த பயன் யாது? காலம் கிடைத்தது என்பர் ஆதரிப்போர். ஆனால் ஈராக் தன் முயற்சியைக் கைவிடவில்லை. வெளிப்படையான உலையை விடுத்து, யுரேனியத்தைச் செறிவூட்டும் பணியை மறைவிடங்களிலே பெருக்கியது. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்குப் பின் சென்ற சர்வதேசப் பரிசோதகர்களே அதன் விரிவைக் கண்டறிந்து, அந்நிலையங்களை அழிக்கச் செய்தனர். முளையைக் கிள்ளினார்கள், வேரோ மண்ணுக்குள் ஓடிற்று.

ஐயமே பிழையாவதும் உண்டு. பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று சொல்லி 2003-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது படையெடுத்தன. அவ்வாயுதக் குவியல் எதுவும் அகப்படவில்லை. போரில் இறந்தவரோ பல்லாயிரவர்.

வேறு வழியும் இருந்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா தான் செய்துமுடித்த ஆறு அணுகுண்டுகளைத் தானே பிரித்தழித்து, 1991-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அந்நாட்டின் அச்சமும் அரசியலும் மாறின. குண்டுக்குத் தேவை இல்லாது போயிற்று.

2025-ஆம் ஆண்டு ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கியபோது, இதே கேள்வி மீண்டும் உலகின்முன் நின்றது. குண்டு கட்டடத்தை இடிக்கும். விஞ்ஞானியின் அறிவையும் ஆள்வோரின் அச்சத்தையும் இடிக்காது. ஐயத்தின் பேரில் தாக்கும் உரிமையை ஒரு நாடு தனக்கென எடுத்துக்கொண்டால், அதே உரிமையை அதன் பகைவனும் கோருவான். ஆதலின், தாக்குதல் உடனே வரும் என்பது உறுதியாகி, பிற வழி யாவும் அடைபட்டாலன்றி முந்தித் தாக்குதல் நியாயமாகாது. பரிசோதனையும் பேச்சுவார்த்தையும் மெல்ல நடப்பவை. எனினும் வேர்வரை செல்பவை அவையே.