தீக்குச்சியும் நிப்பும்: சாத்தூர் வட்டாரம் காட்டும் தொழில்வழி



மதுரையிலிருந்து கழுகுமலைக்கு வழிபாட்டுக்குச் செல்லும் குடும்பங்கள் விருதுநகரையும் சாத்தூரையும் கடந்து, கோவில்பட்டியில் பிரிந்து செல்வது வழக்கம். பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காணும் ஆவலில் செல்வோர்க்கு, வைப்பாற்றங்கரையில் உள்ள சாத்தூர் வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவே. சிலர் வண்டியை நிறுத்திக் காராச்சேவு கேட்பர். பூண்டு சேர்ந்தது என்று அறிந்ததும் வாங்காமல் திரும்புவோரும் உண்டு. ஆயினும் தொழில்முனைவு பற்றிப் பேச முற்படும் எவரும் அவ்வூரிலும் அதன் அண்டை ஊர்களிலும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

புத்தாக்கம், தொழில்முனைவு என்னும் சொற்கள் இன்று மேடைதோறும் ஒலிக்கின்றன. நாட்டின் பொருளாதாரம் வளர அவையே வழி என்று அரசு கூறுகிறது, அறிஞர்களும் கூறுகின்றனர். கூற்று உண்மையே. ஆனால் அதற்கு எடுத்துக்காட்டாகப் பெங்களூரையும் கலிபோர்னியாவையுமே காட்டுவதால், இது கணினி கற்றவர்க்கும் பெரும்பணம் படைத்தவர்க்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. கரிசல் மண்ணின் நூறாண்டு வரலாறு வேறுவிதமாகப் பேசுகிறது.

அது வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் மிளகாயும் விளையும். மழை பொய்த்தால் எதுவும் விளையாது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் உழைக்கும் கைகளுக்கு வேலை இராது. இந்நிலையில் 1922ஆம் ஆண்டு, இந்தியாவிற்குள் வரும் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளுக்கான இறக்குமதி வரி உயர்த்தப்பட்டது. அதுவரை சுவீடனிலிருந்தும் சப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகளே நாடெங்கும் அடுப்பெரித்தன. வரி உயர்ந்ததை எத்தனையோ வணிகர் செய்தியாக மட்டும் கேட்டிருப்பர். சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் அதே ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்றனர். மொழியும் உணவும் பழகாத ஊரில் தங்கித் தீப்பெட்டி செய்யும் நுட்பத்தைக் கற்றனர். 1923இல் சிவகாசியில் ஆலை தொடங்கினர்.

இயந்திரங்களை நம்பித் தொடங்கிய முயற்சி செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. பிறர் அவ்விடத்திலேயே கைவிட்டிருப்பர். அவர்களோ இயந்திரம் செய்யும் வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கைகளிடம் ஒப்படைத்தனர். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவது ஒரு வேலை. அவற்றை மருந்தில் முக்குவது ஒரு வேலை. அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணையிலேயே முடியும் வேலை. பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரம் பூசுவதும், குச்சிகளைப் பெட்டியில் அடைப்பதும் வேறு வேறு கைகளுக்கு உரியவை. மழை குறைந்த வறண்ட காற்று உழவனுக்குப் பகையாக இருந்தது. மருந்தும் பசையும் உலர்வதற்கு அதுவே துணையாயிற்று. புத்தாக்கம் என்பது புதிய பொருளைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. தீப்பெட்டி உலகறிந்த பழம்பொருள். அதனை இம்மண்ணுக்கும் இம்மனிதர்க்கும் ஏற்ற முறையில் செய்யலாம் என்று கண்டதே அங்கு நிகழ்ந்த புதுமை. அதே 1923ஆம் ஆண்டில்தான் சுவீடன் நாட்டுப் பெருநிறுவனம் இந்தியாவில் தன் தீப்பெட்டி நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அப்பேரியந்திரங்களுக்கு எதிரே இக்கைத்தொழில் அழியவில்லை. பின்னாளில் கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு அரசு அளித்த வரிச்சலுகை அதற்குப் பெருந்துணை புரிந்தது.

தொழில் சிவகாசியோடு நிற்காமல் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. இன்றும் அவ்வட்டார மக்கள் ஆலை என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றே சொல்வர். பெட்டிமேல் ஒட்டும் படச்சீட்டுக்காக அச்சகங்கள் வந்தன. எழுத்தறியாத மக்கள் படத்தைச் சுட்டியே சரக்கைக் கேட்டு வாங்கிய காலம் அது. ஆகவே வண்ண அச்சு நேர்த்தியாக அமைய வேண்டியிருந்தது. அந்நேர்த்தி பின்னர் நாட்காட்டியாகவும் நாட்குறிப்பாகவும் இந்தியா முழுவதும் சென்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பட்டாசுத் தொழிலும் வேர்கொண்டது. ஒரு தொழிலின் தேவை மற்றொரு தொழிலைப் பெற்றெடுத்தது. நாட்டின் வளர்ச்சி என்று கணக்கிடப்படுவது, இவ்வாறு ஊர்தோறும் கிளைக்கும் தொழில்களின் கூட்டுத்தொகையே.

இவ்வரலாற்றைச் சொல்வோர் இருவருடைய துணிவைப் போற்றிவிட்டு நிறுத்திவிடுவர். அத்துணிவுக்குப் பின்னால் நின்றது என்ன என்பதே ஓர் அறக்கட்டளை கேட்க வேண்டிய வினா. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டார வணிகர்களிடம் ‘மகமை’ என்றொரு வழக்கம் இருந்தது. வணிகத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு எடுத்துவைப்பர். நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்ற வேறுபாடு இல்லை. மகமைப் பணத்தாலும் வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியாலும் பள்ளிகள் நடந்தன. பெருந்தலைவர் காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, அச்சமூகம் தன் பொருளைக் கொண்டு நடத்திய பள்ளியே. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. இளைஞன் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட காலத்தில் அவன் பின்னே பள்ளி இருந்தது, பொதுநிதி இருந்தது, கடன் கொடுப்போர் இருந்தனர். முயற்சி தோற்றாலும் ஊர் அவனைக் கைவிடாது என்ற நம்பிக்கை எந்த மூலதனத்தினும் பெரியது.

இனி நிப்பின் கதை. இது பலர் அறியாதது. மைப்பேனா எழுதிய தலைமுறைக்குச் சாத்தூர் நிப்பு பழக்கமான பொருள். அவ்வூரில் அது குடிசைத்தொழிலாகவே நடந்தது. மெல்லிய உலோகத் தகட்டை அச்சில் வைத்து இலைவடிவில் வெட்ட வேண்டும், நடுவில் காற்றுத்துளை இட வேண்டும், வளைக்க வேண்டும், நுனியிலிருந்து துளைவரை மயிரிழை போன்ற பிளவை அறுக்க வேண்டும். பிளவு சற்று விலகினால் மை சொட்டும். சற்று நெருங்கினால் மை இறங்காது. பின்னர் மெருகு. இத்தனை நுணுக்கத்தையும் பெரிய படிப்பு இல்லாத கைகள் செய்தன. அந்நிப்பைக் கொண்டு தேர்வெழுதி அலுவலரானோர் பலர் இவ்வவையிலும் இருக்கக்கூடும்.

பந்துமுனைப் பேனா வந்தது. எழுதித் தீர்ந்ததும் எறிந்துவிடலாம், மை கொட்டாது, விலையும் குறைவு. நிப்புத் தொழில் தேய்ந்தது. காலம் மாறினால் தொழில் மாறும் என்று இதனை எளிதாகக் கடந்துவிடலாகாது. தீக்குச்சி பிழைத்ததற்கும் நிப்பு தேய்ந்ததற்கும் வேறுபாடு உண்டு. தீப்பெட்டி தன் பெயரையும் படத்தையும் முகத்தில் தாங்கிச் சென்றது. நிப்பு மற்றவர் பேனாவின் மூடிக்குள் மறைந்து சென்றது. வாங்கியவர் பேனாவின் பெயரை அறிந்தார். நிப்பு செய்தவரை அறியார். ஆந்திரத்து இராசமுந்திரியில் 1932இல் தோன்றிய இரத்தினம் பேனா இதற்கு மாறானது. சுதேசிப் பொருளாக ஒன்றைச் செய்க என்று காந்தியடிகள் தூண்டியதால் பிறந்தது அது. அங்கே முழுப் பேனாவும் செய்தவர் பெயரிலேயே விற்றது. மைப்பேனா விரும்புவோர் இன்றும் அதனைத் தேடி வாங்குகின்றனர். மேலும், மெல்லிய தகட்டை மயிரிழையளவு பிசகாமல் வெட்டவும் வளைக்கவும் அறிந்த கைகளுக்கு நிப்பு மட்டுமே பொருள் அன்று. மின்கருவிகளின் உள்ளுறுப்புகள் பலவற்றுக்கும் அதே திறன் வேண்டும். திறனை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டதே இழப்பாயிற்று. பின்னிருந்து பார்ப்போர்க்கு இது எளிதாகத் தோன்றும். அன்றாடம் கூலி கொடுத்து, தகடு வாங்கி, கடன் அடைத்துக்கொண்டிருந்தவர்க்கு அடுத்த பொருளை ஆராய ஓய்வு ஏது? அந்த ஓய்வையும் ஆராய்ச்சியையும் ஒரு பொதுநிதியே வாங்கித் தந்திருக்க இயலும்.

இவ்வட்டாரத்தின் வளர்ச்சியைப் புகழும்போது அதன் விலையை மறைப்பது அறமாகாது. நெடுங்காலம் சிறுவர் சிறுமியர் குச்சி அடுக்கினர். விடியுமுன் வண்டி ஏறி இருட்டியபின் வீடு திரும்பினர். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசித் தொழில் தொடர்பான வழக்கில், பணிக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் உண்டு. இல்லறத்தார் தொழிலால் நேரும் ஹிம்சையை முற்றும் விலக்க இயலாது. ஆயினும் கூடியவரை குறைத்தல் கடமை என்பது இங்கு அமர்ந்துள்ளோர் இளமையிலேயே கேட்ட பாடம். தொழிலைத் தேர்ந்த பிறகு அதற்குச் சமாதானம் தேடுவதைவிட, தேரும்பொழுதே அப்பாடத்தை நினைப்பது நன்று. எவ்வுயிர்க்கும் பெருந்தீங்கு இன்றி நடத்தக்க தொழில்கள் இல்லாமல் இல்லை.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நெடுங்காலமாக உழவையும் ஆசிரியப் பணியையும் போற்றி வந்தவை. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் நெல்லும் நிலக்கடலையும் விளைவித்த வீடுகளின் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மாதச்சம்பளம் பெறுகின்றனர். அது குறையன்று. ஆனால் விளைந்த கடலையை மூட்டையாக விற்பவர் ஒருவர், எண்ணெயாக்கிப் பெயரிட்டு விற்பவர் வேறொருவர் என்றால், உழைத்தவர் வீட்டில் நிற்பது மூட்டையின் விலை மட்டுமே. நிப்பின் கதை இங்கும் பொருந்துகிறது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கிழங்கு சேராமல், வெங்காயம் பூண்டு சேராமல், பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெருஞ்சோதனை. அவ்வழக்கத்திற்கேற்ற பொடி, ஊறுகாய், தின்பண்டங்கள் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பெரும்பாலும் வடநாட்டுச் சுவை. தமிழ்நாட்டுச் சுவையில் அவற்றைச் செய்யும் கைப்பக்குவம் இவ்வீடுகளின் சமையலறைகளில் தலைமுறை தலைமுறையாக உள்ளது. சென்னைச் சௌகார்பேட்டையில் வாழும் வடநாட்டுச் சமணர்களும் அதற்கு வாடிக்கையாளரே. பூண்டில்லாத காராச்சேவு கேட்டுச் சாத்தூரில் ஏமாந்தவர்களே இதற்குச் சான்று கூறுவர். தனக்கு நேர்ந்த குறையைப் பிறர்க்கும் நேரும் குறையாக உணர்வதிலிருந்துதான் பெரும்பாலான தொழில்கள் தொடங்குகின்றன.

பண உதவிக்கு வழிகள் உள்ளன. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம் சிறுதொழில்களுக்குப் பிணையமின்றிக் கடன் தருகிறது. படித்த இளைஞர்க்கு மானியத்துடன் கடன் பெற்றுத்தரும் தமிழக அரசின் திட்டங்கள் மாவட்டத் தொழில் மையங்கள் வாயிலாக நடைபெறுகின்றன. விவரங்களை அங்கு நேரில் கேட்டறியலாம். கடினமானது பணமன்று. “இருக்கும் வேலையை விட்டுவிட்டு இது எதற்கு?” என்ற வீட்டுக் கேள்வியே கடினமானது. பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைத்தான் கேட்கின்றனர். தொழில் தொடங்கியவனின் கணக்குப் புத்தகத்தைக் கேட்பதில்லை.

அறக்கட்டளை கோயில் திருப்பணிக்கும் கல்விக்கும் நிதி ஒதுக்குவதுபோல், தொழில் கற்கும் பயணத்திற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். கடன் பிறகு வரட்டும்; முதலில் கற்றல். எண்ணெய்ச் செக்கு நடத்துபவரிடமோ, உணவுப்பொருள் செய்பவரிடமோ, தகட்டு வேலை செய்பவரிடமோ ஆறு மாதம் தங்கிக் கைவேலையாகக் கற்றுவர ஆண்டுக்கு இருவரை அனுப்பினால் போதும். உணவு, தங்குமிடம், கைச்செலவு எல்லாம் சேர்த்தாலும், இன்றைய திருமணத்தில் ஒருவேளை விருந்துக்கு ஆகும் தொகையை எட்டாது. திரும்பி வந்தவர் தொழில் தொடங்கவில்லை என்றாலும், தொடங்கித் தோற்றாலும், அத்தொகையைத் திருப்பிக் கேட்கலாகாது. முதல் விண்ணப்பம் ஒரு பெண்ணிடமிருந்து வருமாயின், அவரை அனுப்பத் தயங்கும் வீட்டாரிடம் சென்று பேசும் பொறுப்பையும் அறக்கட்டளையின் பெரியோர்களே ஏற்க வேண்டும்.