ஆற்றுக்கு அக்கரையில் பாளையங்கோட்டை

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக வேண்டுமென்றால் தாமிரபரணியைத் தாண்ட வேண்டும். தாண்டுகிற பாலத்துக்குச் சுலோசன முதலியார் பாலம் என்று பெயர். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-இல் திறந்த பாலம். பஸ்ஸில் போகிறவர்கள் சன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் நுழைவது தனிச் சுகம்.

ஊருக்குள் போனால் எங்கே திரும்பினாலும் பள்ளிக்கூடம். 1826-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய, ஊசிக்கோபுரம் என்று ஊரார் சொல்லும் தேவாலயத்தைச் சுற்றிலும் மதில்களும் மணிச்சத்தமும் சீருடைப் பிள்ளைகளும்தான். சாரா டக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் அவர் பெயரில் 1895 முதல் இங்கே பெண்கள் கல்லூரி நடக்கிறது. தான் ஒருநாளும் பார்க்கப்போகாத பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டதை நம்பிக்கை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

போன மாதம் குடும்பத்தோடு அங்கே ஒரு பள்ளியின் ஃபேன்சி ஃபேட்டுக்குப் போயிருந்தோம். நான், என் கணவர், எங்கள் மகள், என் மாமியார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வாசலில் கூப்பன் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் வேப்பமரத்தடி முழுக்கக் கடைகள். வளையம் எறிகிற இடத்தில் ஒரே கூச்சல். ஆசிரியைகளே சுட்டுக் கொண்டுவந்த முந்திரிக்கொத்து ஒரு பக்கம், உடன்குடிப் பக்கத்துச் சில்லுக்கருப்பட்டி ஒரு பக்கம். அத்தை பனையோலைப் பெட்டி விற்ற கடையை விட்டு நகரவே இல்லை. மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

விழா ஜெபத்தோடு தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடினோம். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அத்தையும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். உதடு அசைந்தது. அவர்கள் படித்ததும் இந்த ஊர் மிஷன் பள்ளியில்தான். பிறகு கேட்டதற்கு, "அப்பல்லாம் காலைல இந்த ஜெபம், சாயங்காலம் சிவன் கோயிலு. ரெண்டுலயும் ஒண்ணும் கொறஞ்சு போகலம்மா" என்றார்கள்.

என் மகள் வேறொன்றைக் கவனித்திருக்கிறாள். வாழ்த்து அட்டை விற்ற கடையில் காது கேளாத பிள்ளைகள் நின்றிருந்தார்கள். "அவங்க மட்டும் ஏம்மா கண்ணை மூடல?" என்று கேட்டாள். அவர்களுடைய டீச்சர் ஜெபத்தைக் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை மூடினால் ஜெபம் அவர்களுக்கு எட்டாது. இந்த ஊரில் காது கேளாதோர் பள்ளி 1897-லிருந்து இருக்கிறது. அப்படியென்றால் நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே பிள்ளைகள் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிறார்கள். உலகத்தை மறந்தால்தான் பக்தி என்று கேட்டு வளர்ந்தவள் நான். எதிரே நிற்கிற மனுஷரை விடாமல் பார்த்துக்கொண்டே கும்பிடுவதும் பக்திதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. அந்தப் பிள்ளைகளின் முகத்தில் இருந்த கவனம் கண்ணை மூடியிருந்த எங்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

இந்த ஊரில் எல்லாம் எப்போதும் சுமுகமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. முதலியார் பாலம் கட்டிய அதே 1840-களில்தான் மதமாற்றத்தை எதிர்த்த விபூதிச் சங்கத்தாருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இந்த மாவட்டத்தில் பெரிய மோதல்கள் நடந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன. அந்த விபூதியை அணிந்துகொண்டே அத்தை ஜெபத்தில் நின்றதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. இது தானாக நடந்துவிடவில்லை. பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்த பல தலைமுறைப் பிள்ளைகள்தான் இதைச் செய்திருக்கிறார்கள்.

நீங்கள் போனால் குளோரிந்தா தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் வழி காட்டுவார்கள். குளோரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்ததால் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்துவிட்டார். அந்த அம்மாள் மனம் தளரவில்லை. அதிகாரி இறந்தபின் 1778-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முயற்சியில் எழுந்த கோயிலை 1785-இல் பிரதிஷ்டை செய்தவரும் அதே ஸ்வார்ட்ஸ்தான். சின்னக் கோயில்தான், நின்று நிதானமாகப் பாருங்கள்.

தசரா சமயத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஆயிரத்தம்மனும் மற்ற அம்மன்களும் சப்பரத்தில் விடிய விடிய வீதி வருவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மத்தியானமே தூங்க வைத்துவிட்டால் ராத்திரி முழித்திருப்பார்கள்.