நெற்றியில் சிவப்பு மறு: உள்ளே இருப்பதைக் காட்டும் படம்



பிறந்த குழந்தையின் நெற்றியில், திராட்சை ரசம் சிந்தியது போல ஒரு சிவப்பு மறு. குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்களில் ஒருவர், "மாசமாக இருந்தபோது கிரகணத்தைப் பார்த்துவிட்டாயா?" என்று தாயைக் கேட்பார். இன்னொருவர், "வளர வளர மறைந்துவிடும்" என்று தேற்றுவார். இரண்டுமே தவறு.

ஆசியக் குழந்தைகளின் இடுப்பில் தென்படும் நீலத் திட்டு பெரும்பாலும் சில ஆண்டுகளில் மறைந்துவிடும். இந்தச் சிவப்பு மறு மறையாது. தோலில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்தே இருப்பதால் உண்டாவது இது. கருநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது என்பதால், நம்மவர் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.

பெரும்பாலோருக்கு இது தோலோடு நின்றுவிடும். நெற்றியிலோ மேல் இமையிலோ படர்ந்திருந்தால், சிலருக்கு அதே கோளாறு மூளையைப் போர்த்திய மெல்லிய சவ்விலும் கண்ணிலும் இருக்கலாம். இதுவே ஸ்டர்ஜ்-வெபர் நோய். 20,000 முதல் 50,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருவதாகக் கணிக்கப்படுகிறது.

முகத்தில் மறுவும் வலிப்பும் இருந்த ஒரு சிறுமியைப் பற்றி 1879இல் லண்டனில் எடுத்துரைத்தார் மருத்துவர் வில்லியம் ஸ்டர்ஜ். மூளையிலும் அதே மறு இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அதைப் பார்க்க அன்று கருவி இல்லை. எக்ஸ்ரே வந்ததே 1895இல்தான். 1922இல் மருத்துவர் பார்க்ஸ் வெபர், ஒரு நோயாளியின் மூளைப் பாதிப்பை எக்ஸ்ரே படத்தில் காட்டினார்.

எக்ஸ்ரேயில் தெரிவது, தண்டவாளம் போல இரட்டைக் கோடுகளாகப் படிந்த சுண்ணாம்புச் சத்து. கைக்குழந்தைகளிடம் அது பெரும்பாலும் தெரியாது. வலிப்போ பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும். அதனால்தான் இன்று எம்ஆர்ஐ ஸ்கேன் முதலிடம் பெறுகிறது. காடோலினியம் மருந்தைச் சிரையில் செலுத்திப் படம் எடுத்தால், சவ்வில் உள்ள கோளாறான குழாய்கள் பளிச்சென்று தெரியும். மூளையில் எவ்வளவு இடம் பாதிக்கப்பட்டுள்ளது என்பதையும் மருத்துவர் அறியலாம். இதில் கதிர்வீச்சு இல்லை.

ஓர் எச்சரிக்கை. பிறந்த சில மாதங்களில் எடுத்த படம் சுத்தமாக இருந்தாலும், நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒரு வயதுக்குப் பிறகு மீண்டும் எடுக்க வேண்டியிருக்கலாம். வலிப்பு இல்லாத குழந்தைக்கு எப்போது படம் எடுப்பது என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார். ஒரு பக்கக் கையோ காலோ வெட்டி வெட்டி இழுத்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கண்ணின் அழுத்தத்தைத் தனியே அளக்கச் செய்யுங்கள். கவனிக்காத அழுத்தம் பார்வையைப் பறித்துவிடும்.

இனி அந்தத் தாய்க்கு ஒரு சொல். கரு வளரும்போது ஓர் அணுவின் மரபணுவில் தற்செயலாக ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம் என்று 2013இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இது பரம்பரை நோயும் அல்ல, கிரகணத்தின் வேலையும் அல்ல. ஆகவே, கேள்விகளைத் தாயிடம் கேட்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.